ஹட்டனிலிருந்து டோஹா எவ்வளவு தூரம்? முதன்முறை விமானம் ஏறுபவர்களுக்கான நேரக் கணக்கு

ஹட்டன் நகரிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 85 கிலோமீட்டர். உயரத்தில் பறக்கும் பயணிகள் விமானம் ஒன்று இந்தத் தூரத்தை ஆறே நிமிடத்தில் கடந்துவிடும். வேனில் போகும் நாமோ 130 கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறங்க வேண்டும்; நான்கரை மணி நேரம், சில நாளில் ஐந்து மணி நேரம் பிடிக்கும். கட்டுநாயக்கவிலிருந்து கட்டாரின் டோஹா சுமார் 3,600 கிலோமீட்டர். அந்தப் பயணத்துக்கும் ஐந்து மணி நேரம்தான்.

மலையகத்திலிருந்து முதன்முறையாக வெளிநாடு புறப்படுகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "விமானத்தில் எத்தனை மணி நேரம்?" என்பதைத்தான். அதற்குப் பதில் எளிது, கீழே சொல்கிறேன். ஆனால் விமானத்தைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் வானத்தில் நேரத்தை இழப்பதில்லை. டிக்கெட்டில் உள்ள திகதியைப் பிழையாக வாசித்தும், கினிகத்தேனையில் மழைக்குள் சிக்கியும், இடையில் விமானம் மாறும் இடத்தில் கடிகாரத்தைத் திருத்தாமலும்தான் இழக்கிறார்கள். ஆகவே நம் வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் ஊர் வரை முழுவதையும் ஒரே கணக்காகப் போடக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு கொப்பியும் பேனாவும் போதும்.

முதலில் டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்

வேலைக்குப் போகிறவர்களுக்குப் பல நேரங்களில் டிக்கெட் கடைசி நாளில்தான் கிடைக்கிறது. "இன்றிரவு விமானம், உடனே புறப்பட்டு வாருங்கள்" என்று கொழும்பிலிருந்து முகவர் ஒருவர் தொலைபேசியில் சொல்கிறார். பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் இருக்கும் பெண்ணுக்கு இப்படிச் சொல்வது பெரிய அநியாயம். வேன் பிடிக்க வேண்டும், பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும், பெட்டியைக் கட்ட வேண்டும். எனவே டிக்கெட் பதிவானதும் அதன் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பும்படி முன்கூட்டியே கேளுங்கள். தயங்க வேண்டாம், உங்கள் பெயரில் எடுத்த டிக்கெட்டைப் பார்ப்பது உங்கள் உரிமை.

படம் வந்ததும் கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டியவை: புறப்படும் திகதி, நேரம், இறங்கும் திகதி, நேரம், இடையில் விமானம் மாறுவது எங்கே என்பது, எத்தனை கிலோ பொதி கொண்டு போகலாம் என்பது. கடவுச்சீட்டில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தந்தையின் பெயர் முன்பின்னாக விழுவது நம்மிடையே அடிக்கடி நடக்கிற ஒன்று. திருத்தம் செய்ய நாட்கள் இருக்கும்போதே அதைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

வேலைக்காகப் போகிறவர் என்றால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்த சான்றும் கையில் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் அதைப் பார்ப்பார்கள். அந்தச் சோதனைக்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவுத் திகதி

இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகும் விமானங்கள் பல இரவிலும் அதிகாலையிலும் புறப்படுகின்றன. டிக்கெட்டில் 24 மணி நேரக் கடிகாரத்தில்தான் நேரம் போட்டிருக்கும். "12ஆம் திகதி, 00:40" என்று இருந்தால், அது 12ஆம் திகதி தொடங்கி நாற்பதாவது நிமிடம். நம் பேச்சுவழக்கில் அது 11ஆம் திகதி இரவு. 11ஆம் திகதி இராச்சாப்பாட்டை முடித்துவிட்டுப் படுத்தால், விடியும்போது விமானம் போய்விட்டிருக்கும்.

"12ஆம் திகதி போகிறாள்" என்று ஊரெல்லாம் சொல்லி, கோயில் பூசையையும் உறவினர் விருந்தையும் 11ஆம் திகதி இரவுக்கு வைக்கும் குடும்பங்கள் உண்டு. அதனால் கொப்பியில் புறப்படும் நேரத்துக்குப் பக்கத்திலேயே, "வீட்டை விட்டு இறங்க வேண்டியது: 11ஆம் திகதி, செவ்வாய், பகல்" என்று கிழமையோடு எழுதுங்கள். அந்த ஒரு வரியை வேன் ஓட்டுநருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஓட்டுநரும் திகதியைத்தான் மனத்தில் வைத்திருப்பார்.

00:00 முதல் 05:00 வரை எந்த நேரம் இருந்தாலும் இதே கவனம் தேவை. இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சிறிதாகப் போட்டிருந்தால் அடுத்த நாள் இறங்குகிறீர்கள் என்று பொருள்.

இரண்டு ஊர், ஒரே கடிகாரம்

டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். கட்டுநாயக்கவில் புறப்படும் நேரம் இலங்கை நேரம். டோஹாவில் இறங்கும் நேரம் கட்டார் நேரம். இரண்டையும் அப்படியே கழித்தால் பிழையான விடை வரும்.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். அதிகாலை 04:10க்குப் புறப்பாடு, டோஹாவில் 06:40க்கு இறக்கம். பார்த்தால் இரண்டரை மணி நேரப் பயணம் போல இருக்கிறது. ஆனால் கட்டார் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே 06:40 ஆகும்போது நம் வீட்டுச் சுவரில் உள்ள கடிகாரம் 09:10 காட்டும். ஆகவே பறந்தது ஐந்து மணி நேரம். திரும்பி வரும்போது கணக்கு தலைகீழாகும்: டோஹாவில் இரவு 20:00க்குப் புறப்பட்டுக் கட்டுநாயக்கவில் மறுநாள் 03:10க்கு இறங்கினால், பார்வைக்கு ஏழு மணி பத்து நிமிடம், இரண்டரையைக் கழித்தால் நான்கு மணி நாற்பது நிமிடம்தான்.

இலங்கை நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. 2006 ஏப்ரலிலிருந்து இதுதான் நடைமுறை. இந்தியாவும் அதே நேரம் என்பதால் சென்னைக்கோ திருச்சிக்கோ போகிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. சவூதி அரேபியா, குவைத், கட்டார், பஹ்ரைன் ஆகியவை நமக்கு இரண்டரை மணி பின்னால். ஐக்கிய அரபு இராச்சியமும் ஓமானும் ஒன்றரை மணி பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி முன்னால்.

லண்டன், டொரன்டோ, மெல்பேர்ன் போன்ற ஊர்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரே வித்தியாசம் இருக்காது. அங்கெல்லாம் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். லண்டன் குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நான்கரை மணி பின்னால். டொரன்டோ குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. மெல்பேர்ன் முன்னால் உள்ள ஊர். அங்கே நம் டிசம்பர்தான் கோடை என்பதால் அப்போது ஐந்தரை, நம் ஜூன், ஜூலையில் நான்கரை.

தூரத்திலிருந்து நேரத்தைக் கணிப்பது

இரண்டு நகரங்களுக்கு இடையே வான்வழித் தூரம் தெரிந்தால் பறக்கும் நேரத்தை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். கிலோமீட்டரை 800ஆல் வகுத்து, அதனுடன் அரை மணி நேரம் சேருங்கள். விமானம் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் வரை போனாலும், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதை வரை ஊர்ந்து போகவும் வரிசையில் நிற்கவும் நேரம் ஆகும். அந்த அரை மணி அதற்காக.

சென்னை சுமார் 650 கிலோமீட்டர்: ஒரு மணி இருபது நிமிடம். சிங்கப்பூர் சுமார் 2,750: நான்கு மணி நேரம். டுபாய் 3,300: நான்கு மணி நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ரியாத் ஏறக்குறைய 4,000: ஐந்தரை. லண்டன் 8,700: பதினொரு மணி நேரத்தைத் தாண்டும். டிக்கெட்டில் உள்ள நேரம் இதிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் இப்படி அப்படி இருந்தால் அது சாதாரணம். இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாக இருந்தால், நடுவில் எங்கோ இறங்கி ஏறுகிறீர்கள். எங்கே என்று தேடிப் பாருங்கள்.

தூரம் எங்கே கிடைக்கும்? இணையத்தில் இரண்டு ஊரின் பெயரையும் கொடுத்தால் கிடைக்கும். ஆனால் அதில் வருவது மைலா, கிலோமீட்டரா, கடல் மைலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பாடசாலைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அடிக்கோல் வைத்து அளப்பது சரிவராது. பூமி உருண்டை, படம் தட்டை. பூகோள உருண்டை ஒன்று கிடைத்தால் கொழும்பிலும் டொரன்டோவிலும் விரல் வைத்து ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் ஆப்பிரிக்கா பக்கம் போகாது. ஏறக்குறைய வடக்கு நோக்கி ஏறி, ஆர்க்டிக் பகுதியைத் தொட்டு, மறுபக்கம் இறங்கும். அதுதான் மிகக் குறுகிய வழி, சுமார் 14,000 கிலோமீட்டர். நேரடி விமானம் இல்லாததால் வளைகுடா வழியாகவோ ஐரோப்பா வழியாகவோதான் போகிறோம்; அதனால்தான் டொரன்டோப் பயணம் இருபது மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. வடக்கே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகக் கடும் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அது வலுக்கும். மேற்கே போகும் விமானத்தை அது தடுக்கும். கிழக்கே வரும் விமானத்தைத் தள்ளிவிடும். டோஹாவுக்குப் போவதைவிட அங்கிருந்து வருவது இருபது முப்பது நிமிடம் குறைவாக இருப்பது இதனால்தான். போர், பதற்றம் காரணமாக ஒரு நாட்டின் வான்பரப்பு மூடப்பட்டாலும் விமானம் சுற்றிப் போகும். 2022 பெப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய விமான நிறுவனங்கள் ரஷ்யாவின் மேல் பறக்க முடியாமல் ஆசியாவுக்கு நீண்ட வழியில் வர வேண்டியதாயிற்று. டிக்கெட் எடுத்த பிறகு நேரம் மாறியிருக்கிறதா என்று புறப்படும் நாளுக்கு முன் ஒரு முறை சரிபார்க்கச் சொல்வது இதற்காகவும்தான்.

நீலகிரியில் உறவினர் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிந்து போன குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் இருக்கின்றன. அங்கும் தேயிலை, அங்கும் மலை. ஹட்டனிலிருந்து கோத்தகிரி நேர்கோட்டில் 650 கிலோமீட்டர்தான். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்குப் பறப்பது ஒரு மணி நேரம். பிறகு திருச்சியிலிருந்து கோயம்புத்தூருக்குப் பஸ், மேட்டுப்பாளையத்துக்கு இன்னொன்று, அங்கிருந்து மலையேறும் பஸ் ஒன்று. இந்தப் பக்கம் ஐந்து மணி நேரம், அந்தப் பக்கம் ஏழெட்டு மணி நேரம், நடுவே வானத்தில் ஒன்று. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் "ஒரு மணி நேரப் பயணம்" என்று நம்பி ஒரே நாளில் முடிக்கப் பார்க்க வேண்டாம். திருச்சியில் ஓர் இரவு தங்கிப் போங்கள்.

இடையில் விமானம் மாறுவது

கொழும்பிலிருந்து லண்டனுக்கு நேராகப் பறந்தால் 8,700 கிலோமீட்டர். டோஹாவில் மாறிப் போனால் 3,600ம் 5,240ம் சேர்ந்து 8,850க்குள். தூரத்தில் வித்தியாசம் 150 கிலோமீட்டர்கூட இல்லை. டோஹா ஏறத்தாழ வழியிலேயே இருக்கிறது. ஆனால் நேரத்தில் வித்தியாசம் பெரியது. இறங்க, நடக்க, மீண்டும் சோதனைக்கு நிற்க, காத்திருக்க என்று குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் கூடும். மலிவான டிக்கெட் என்றால் காத்திருப்பு எட்டு, பத்து மணி நேரமாகவும் இருக்கும். விலையைப் பார்க்கும்போது பக்கத்தில் "மொத்தப் பயண நேரம்" என்று இருப்பதையும் பாருங்கள்.

மாறும் நேரம் ஒன்றரை மணிக்குக் குறைவாக இருந்தால், முதன்முறை போகிறவருக்கு அது போதாது என்பது என் கருத்து. அறிவிப்புப் பலகையில் வாயில் இலக்கம் தேடவே இருபது நிமிடம் போய்விடும். இரண்டரை முதல் நான்கு மணி நேரம் நல்லது.

அதைவிட முக்கியமானது, முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும். ஒரே பதிவில் இருந்தால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால் அந்தப் பொறுப்பு யாருக்கும் கிடையாது. பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், சில நாடுகளில் அதற்கு விசா வேண்டும்.

பெட்டியை ஒப்படைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கைப்பிடியில் ஒரு நீளமான வெள்ளைப் பட்டி ஒட்டுவார்கள். அதன் சிறு துண்டை உங்களிடம் தருவார்கள். அதில் பெரிய எழுத்தில் மூன்றெழுத்துக் குறி இருக்கும். கட்டுநாயக்கவுக்கு சி.எம்.பி., டோஹாவுக்கு டி.ஓ.எச்., லண்டன் ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர். நீங்கள் லண்டன் போகிறவர் என்றால் பட்டியில் லண்டனின் குறி இருக்க வேண்டும். டோஹாவின் குறி மட்டும் இருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள். பெட்டி டோஹாவில் நின்றுவிடும். துண்டைக் கடவுச்சீட்டு உறைக்குள் வையுங்கள், பெட்டி வராவிட்டால் கேட்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம்.

இறங்கியவுடன் கைத்தொலைபேசியின் நேரம் அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிட்டதா என்று சுவரில் உள்ள கடிகாரத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இணைப்பு கிடைக்காத தொலைபேசி இலங்கை நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அடுத்த விமானத்தின் நேரம் அந்த ஊர் நேரத்தில் இருக்கும்.

பின்னோக்கி எண்ணுவது

இனி நம் மலைப் பாதைக்கு வருவோம். புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அதே 12ஆம் திகதி அதிகாலை 04:10 விமானத்தை எடுத்துக்கொள்வோம்.

விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும்: 01:10. பெட்டி ஒப்படைக்கும் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன் மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு விமானம் கண்ணெதிரே நின்றாலும் ஏற்ற மாட்டார்கள். ஹட்டனிலிருந்து வேனுக்கு ஐந்து மணி நேரம்: 20:10. தேநீருக்கும் கழிவறைக்கும் அரை மணி: 19:40. மழைக்காகவும் வாகனப் பழுதுக்காகவும் இரண்டு மணி: 17:40. ஆக, ஹட்டன் நகரை 11ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு முன் விட்டுவிட வேண்டும். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு வரவே ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதால் அங்கிருப்பவர் நான்கு மணிக்கே கிளம்ப வேண்டும். லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து) வேன் நிற்கும் பாதை வரை பெட்டியைத் தலையில் வைத்து இறக்க வேண்டிய தோட்டங்களும் உண்டு. அந்த நேரத்தைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

இதே விமானத்தில் டோஹா போய், அங்கே 09:00க்கு ஏறி, குளிர்காலத்தில் லண்டனில் 13:15க்கு இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இலங்கை நேரம் மாலை 18:45. ஹட்டனை விட்டு ஏறத்தாழ இருபத்தைந்து மணி நேரம். அதில் பறந்தது பன்னிரண்டே கால் மணி நேரம்தான்.

அந்த இரண்டு மணி நேர மழைக் கணக்கை யாரும் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், கினிகத்தேன, கித்துல்கல சரிவுகளில் கொட்டும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கத்தைப் பிடிக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தின் வீதிகளையும் ரயில் பாதையையும் என்ன செய்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைக் காலையிலேயே பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்கலாம். எச்சரிக்கை இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிடுங்கள்.

மாற்றுப் பாதையையும் ஓட்டுநரோடு பேசி வையுங்கள். ஹட்டனிலிருந்து வழக்கமான வழி கினிகத்தேன, கித்துல்கல, அவிசாவளை. அது அடைபட்டால் நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை வழியாகக் கண்டி வீதிக்குப் போகலாம். நுவரெலியாவிலிருப்பவர்களுக்கு இறம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியும் உண்டு. பண்டாரவளையிலிருந்து பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக அவிசாவளை வரலாம். பதுளையிலிருந்து வருபவர் இந்தக் கணக்கில் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். டிசம்பர் முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். வார இறுதிகளில் ஹட்டன் வீதியில் நெரிசல். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம்.

ரயிலைப் பற்றியும் கேட்கிறார்கள். பதுளையிலிருந்து கொழும்பு கோட்டை வரை சுமார் 290 கிலோமீட்டர் ரயில் பாதை; ஒன்பது பத்து மணி நேரம் எடுக்கும், தாமதமும் அதிகம். விமானம் பிடிக்கும் நாளில் ரயிலை நம்பாதீர்கள். முந்தைய நாள் இறங்குவதானால், பாதை முழுவதும் ரயில் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு வரலாம். கொழும்பிலிருந்து விமான நிலையத்துக்கு 187ஆம் இலக்க பஸ் போகிறது.

என்னைக் கேட்டால், முதன்முறை போகிறவர் முந்தைய நாளே இறங்கி நீர்கொழும்பிலோ கட்டுநாயக்கவிலோ தங்குவதுதான் நல்லது. விடுதிக்குக் கொடுக்கும் பணம் தவறிய டிக்கெட்டின் விலைக்கு முன் ஒன்றுமில்லை. உறவினர் வீடு வத்தளையிலோ ஜா-எலவிலோ இருந்தால் அந்தச் செலவும் மிச்சம்.

விமானத்துக்குள்

இருக்கைக்கு முன்னால் திரை இருந்தால் அதில் பயண வரைபடத்தைத் திறந்து வையுங்கள். மீதித் தூரம், மீதி நேரம், வேகம், உயரம், வெளி வெப்பநிலை எல்லாம் வரும். வேகம் 830 என்றும் சிறிது நேரத்தில் 870 என்றும் மாறுவது எதிர்க்காற்றின் வேலை. வெளியே மைனஸ் 50 பாகை என்று காட்டும். ஜனவரியில் நுவரெலியாவில் துகள் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகும் நாட்களிலும் குளிர் பூச்சியப் பாகையை ஒட்டித்தான் இருக்கும்.

மலையகத்தாருக்கு ஒரு வசதி இருக்கிறது. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். நுவரெலியா நகரம் சுமார் 1,870 மீட்டர். அந்தக் காற்றில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். இறங்கும்போது காது அடைப்பதும் புதிதல்ல. கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலவுக்கு பஸ் இறங்கும்போது அடைக்கும் அதே காதுதான். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், குழந்தைக்குப் பால் கொடுங்கள். ஆனால் ஈரப்பதம் மட்டும் நம் மலை போல இருக்காது; இருபது வீதத்துக்கும் குறைவு. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், நீண்ட பயணத்தில் இடையிடையே எழுந்து நடங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் எந்த ஊர் நேரப்படி எடுப்பது என்பதைப் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

போகிறவரின் கணக்கை வீட்டுச் சுவரிலும் ஒட்டி வையுங்கள், இலங்கை நேரத்தில். "தம்பி, ஏழு மணிக்கு இறங்குவாள் என்றார்கள், ஒன்பதாகியும் அழைப்பு இல்லையே" என்று ஓர் அம்மா பதறிக்கொண்டு வந்தார். ஏழு மணி என்பது அந்த ஊர் நேரம். மகள் இன்னும் வானத்தில்தான் இருந்தாள். "அம்மா, நம் நேரம் ஒன்பதரைக்குத்தான் இறங்குவாள், வெளியே வந்து பேச இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள்" என்றதும்தான் உட்கார்ந்தார். இந்தப் பதற்றத்தை ஒரு துண்டுத் தாள் தடுத்துவிடும்.

பேசும் நேரத்தையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். காலை ஏழு மணிக்கு அம்மா பெரட்டுக்கு (தோட்டத்தில் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) நிற்கும்போது ரியாதில் நான்கரை மணி, மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். இரவு எட்டு மணிக்கு வீட்டில் எல்லோரும் கூடும்போது அங்கே மாலை ஐந்தரை. வீட்டு வேலையில் இருப்பவருக்கு அது பரபரப்பான நேரமாக இருக்கலாம். ஓய்வு எப்போது என்பதை அவர் போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் கேட்டு, அதை நம் நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள்.

ஊர் திரும்பும் நாளில் அழைத்துவர வேன் போகும். அதிகாலை 03:10க்கு விமானம் இறங்கினால், குடிவரவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர நான்கரை ஆகிவிடும். அந்த ஓட்டுநர் முந்தைய மாலை ஹட்டனிலிருந்து இறங்கி, இரவெல்லாம் விழித்திருப்பார். அப்படியே அவரை மலையேறச் சொல்லாதீர்கள். ஒன்று, அவர் பகலில் இறங்கி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சில மணி நேரம் படுத்துத் தூங்க இடம் ஏற்பாடு செய்யுங்கள்; அல்லது இரண்டாவது ஓட்டுநர் ஒருவரைச் சேர்த்து அனுப்புங்கள். வாடகை பேசும்போதே அந்தச் செலவையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.